கரப்பான் ஓடுகிறதா?

கழிவுநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் போனை எடுத்ததுமே எஸ்தருக்குக் குரல் பிடிபட்டுவிட்டது. ஓய்வுபெற்ற இன்ஜினியர் வரதராஜன். அவள் கணவன் யாக்கோபைச் சாக்கடைக் குழிக்குள் இறக்கிய அதே குரல்.

“பூஜை ரூம் வரைக்கும் சாக்கடை வந்துடுச்சும்மா! அடைப்பெடுக்கிற வண்டி எங்க?”

“உங்க தெருமுனையிலதான் நிக்குது சார். உங்க வாசல் சாக்கடைக் குழி மூடியத் திறந்து பாருங்க. கரப்பான் ஓடுதா?”

“அது எதுக்கு?”

“உயிரோட ஓடினா விஷவாயு இல்லைன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா?”

இரும்பு மூடி கரகரவென்று நகர்ந்தது.

“ஒண்ணுகூட ஓடலையே.”

“அன்னிக்கும் ஓடல சார். சோத்துத் தூக்கோட நானும் பக்கத்துலதான் நின்னேன். ஓடுது, இறங்குடான்னீங்க. அவரு பொணமா வந்தப்புறம், குடிச்சிட்டு அவனா இறங்கினான்னு எழுதிக் குடுத்தீங்க.”



“நீ... யாக்கோபு சம்சாரமா?”

“ஆமா சார். இங்க பேசுறதெல்லாம் பதிவாகுது. அன்னிக்கு ஓடுச்சா, ஓடலையா? சொல்லிட்டீங்கன்னா வண்டிய அனுப்பிடுவேன்.”

வாரியம் இரக்கப்பட்டுக் கொடுத்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு எஸ்தர் காத்திருந்தாள். போனுக்குள் சாக்கடை குமிழிவிடும் சத்தம், ஒவ்வொரு படியாக ஏறி வருவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தது.