ஓரெஸ்டின் இருபத்திரண்டு நாள் தாடி

ஓரெஸ்ட் குனிந்து சறுக்குக் காலணியின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் நிமிரட்டும் என்று காத்திருந்தேன். பொய் சொல்லும்போது அவன் முகம் எப்படி மாறும் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

அவன் என் தங்கை சிக்ரிட்டின் கணவன்.

ஆட்டத்துக்கு இன்னும் கால் மணி நேரம். இதில் தோற்றால் எங்கள் ஊருக்கு இந்த வருடத்து ஐஸ் ஹாக்கி இன்றோடு சரி.

உடைமாற்றும் அறையில் பத்தொன்பது பேர், பத்தொன்பது தாடிகள். நாக்-அவுட் சுற்று தொடங்கிய நாளிலிருந்து எவனும் சவரக்கத்தியைத் தொடவில்லை. தோற்று வெளியேறினால் தொடலாம், கோப்பையைத் தூக்கினால் தொடலாம். நடுவில் தொட்டவனை ஊர் மன்னிக்காது.

ஆறு வருடமாக எங்களோடு ஆடினாலும் ஓரெஸ்ட் தாடி வளர்ப்பது இதுதான் முதல்முறை. மற்ற வருடங்களில் மொழுமொழுவென்ற முகத்தோடு வந்து உட்காருவான். ஏதோ காரணம் சொல்வான். யார் காதில் வாங்கினோம்? பால்குடி என்று பெயர் வைத்ததோடு விட்டுவிட்டோம்.

எதிர் பெஞ்சிலிருந்து ஹால்வர் கத்தினான். "டேய் பால்குடி! உனக்கும் தாடி மொளைக்கும்னு முன்னாடியே சொல்லியிருந்தா போன வருஷமே கப்பு நம்மளுதுடா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஓரெஸ்டும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

அந்தத் தாமதத்தையும் நான் குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை நண்பகல், கோடை வரும்வரை மூடிக்கிடக்கும் ஏரிக்கரைக் கூடார முகாமில் அவன் வண்டி நின்றிருந்தது. அவன் வேலை பார்க்கும் எரிவாயு ஆலை ஊருக்கு மறுபக்கம். எங்கள் அப்பா சாகும்வரை வேலை பார்த்த அதே ஆலை.

வண்டியின் எஞ்சின் ஓடவில்லை. கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாக ஆவி படிந்திருந்தது. உள்ளே மூச்சு விடுகிறார்கள் என்று அர்த்தம். எத்தனை பேர் என்பதுதான் தெரியவில்லை.

ஆவி படியாத ஒரு மூலையில் போர்வையின் ஓரம் தெரிந்தது.

நான் தட்டவில்லை. மறுநாளும் போனேன். வண்டி அதே இடத்தில் வந்து நின்றிருந்தது. அன்றும் தட்டவில்லை.

சிக்ரிட்டுக்கு ஏழாம் மாதம். இன்றும் ஐந்து மணிக்கு எழுந்து அவனுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டுகிறாள்.

சற்று முன் அரங்கத்து வாசலில் அவளைப் பார்த்தேன். எப்போதும் "பல்லு பத்திரம்ணே" என்று சொல்லிச் சிரிப்பவள், இன்று என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்குத் தோத்துடாதீங்கண்ணே. ஆட்டம் இருக்கற நாள்லதான் அவர் வயிறாரச் சாப்பிடறாரு."

வேறெங்கோ மனசை வைத்தவனுக்கு வீட்டுச் சோறு இறங்காது என்று நினைத்துக்கொண்டேன்.

ஓரெஸ்ட் நிமிர்ந்தான்.

"செவ்வாக்கெழம மத்தியானம் ஏரிப்பக்கம் உன் வண்டி நின்னுச்சே மாப்ள," என்றேன் மெதுவாக. "அந்தப் போர்வை யாருக்கு?"

அவன் கையுறையை எடுத்தான்.

"எனக்குத்தான் மச்சான். சிக்ரிட் போன வாரம் எடுத்து வெச்சா. வழியில வண்டி கிண்டி நின்னுட்டா ஆகும்னு."

மார்ச் முடியப்போகிறது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டும் சத்தம் அறைக்குள்ளேயே கேட்டது. குளிர்காலம் முழுக்க வைக்காத போர்வையைப் போன வாரம் வைத்தாளாம்.

பொய் என்று முடிவு கட்டினேன். எந்த இடத்தில் பொய் என்று கண்டுபிடிக்க அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்தத் தாடியைப் பார்த்தேன்.

பத்தொன்பது தாடிகள் இருக்கும் அறையில் ஒரு தாடி கண்ணில் படுவதில்லை.

அப்பா தினமும் விடியுமுன் மழிப்பார். சிக்ரிட் நாற்காலி மேல் ஏறி நின்று அவர் கன்னத்தில் நுரை தடவுவாள். நான் தூங்கிக்கொண்டிருப்பேன். விஷவாயு முகமூடி தோலோடு ஒட்ட வேண்டும். மயிரிழை இடைவெளி போதும், ஆள் காலி. ஆலை வாசலில் மேற்பார்வையாளர் கன்னத்தைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். ஒரே நாள் வளர்ந்த முள்தாடிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஓரெஸ்டின் கன்னத்தில் இருபத்திரண்டு நாள் தாடி.

"எப்ப வேலைய விட்டு அனுப்புனாங்க?" என்றேன்.

அவன் கதவைப் பார்த்தான். பிறகு என்னை.

"முதல் மேட்சுக்கு முந்தின நாள். அவளுக்குத் தெரியாது மச்சான். ஆபீஸ் வேலைக்கு மாத்திட்டாங்கன்னு சொல்லிவெச்சிருக்கேன். நல்லா நம்பிட்டா. புள்ள பொறக்கறதுக்குள்ள வேற எதாவது பாத்துடுவேன்... சொல்லிடாத."

பயிற்சியாளர் கதவைத் தட்டினார். பத்தொன்பது பேரும் எழுந்தோம்.

பனித்தளத்தில் இறங்கியதும் கூட்டத்தில் சிக்ரிட்டைத் தேடினேன். மூன்றாவது வரிசையில், வயிற்றின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஓரெஸ்ட் போகும் பக்கமெல்லாம் அவள் தலை திரும்பியது.

அவன் அவளைப் பார்த்துக் கையசைத்தான். அவளும் அசைத்தாள், ஒன்றும் தெரியாதவள் போல.

ஆபீஸில் உட்காருகிறவனுக்கு யாரும் போர்வை எடுத்து வைப்பதில்லை.