மோர்ச்சட்டி கழுவின தண்ணீர்

தொட்டியிலிருந்த கறிவேப்பிலைச் செடிக்கு இலையெல்லாம் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. அது மண்ணுக்குள் இருந்த இரும்புச்சத்தைக் கூப்பிட்டது.

"என்னை விட்டுட்டுப் போயிட்டியா?"

"எங்க போவேன்? உன் வேர்கிட்டயேதான் கிடக்கேன். இந்தச் சுண்ணாம்பு என்னைக் கட்டிப்போட்டு வச்சிருக்கு."

"முந்தியெல்லாம் கூப்பிடறதுக்குள்ள வந்து நிப்பியே."

"அப்போ பிலோமினாக்கா மோர்ச்சட்டியை இங்க உக்காந்துதான் கழுவுவாங்க. அந்தப் புளிப்பு பட்டா நான் தானா கரைஞ்சு வந்துடுவேன். உள்ள சிங்க் வச்சதுக்கப்புறம் ஏது?"

"மத்தியானச் சாப்பாடு முடிஞ்சா வருமே, அந்த வாசனை," என்றது செடி.

அந்த நேரம் வீட்டுக்காரி பிலோமினா வந்தாள். வெளுத்த இலையைத் தடவினாள். "சத்து பத்தலை போல," என்று முட்டையோட்டுத் தூளை இரண்டு கை அள்ளிப் போட்டு, உப்புப் படியும் போர் தண்ணீரை நிறைய ஊற்றினாள். இரண்டிலும் இருந்தது சுண்ணாம்புதான்; இரும்பைக் கட்டியிருந்த பிடி இன்னும் இறுகியது.

இரும்பு முணுமுணுத்தது.

"திட்டாதே. பாசத்துலதான் போடறாங்க," என்றது செடி.

உள்ளே போனவள் சிங்கில் மோர்ச்சட்டியைக் கழுவினாள். தொட்டியை உரசிக்கொண்டு இறங்கும் குழாய்க்குள் அந்தத் தண்ணீர் சலசலத்துப் போனது.