நோயில்லாதவர்களின் எச்சில்

திரையில் அந்த ஒரு புள்ளி மட்டும் உயரத்தில் தனியாக நின்றது.

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாள். அங்கேயேதான் இருந்தது.

வாய்ப் புற்றுநோய் வந்தவர்களின் எச்சிலில் ஒரு புரதம் கூடுகிறது. அதை அளந்தே நோயை முன்கூட்டிச் சொல்லிவிட முடியுமா? மூன்று வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

நோயாளிகளின் புள்ளி மேலே இருக்க வேண்டும். நோயில்லாதவர்களின் புள்ளி கீழே.

இது நோயில்லாதவரின் எச்சில்.

நோயில்லாதவர்களைத் தேடி அவள் வெளியே எங்கும் போகவில்லை. துறையில் இருந்தவர்களிடமே ஆளுக்கொரு குப்பியைக் கொடுத்துத் துப்பச் சொல்லியிருந்தாள். பேராசிரியர் நம்பிராஜன் துப்பினார். ஸ்டோர் கீப்பர் செல்லக்கண்ணு துப்பினார். டைப்பிஸ்ட் மேரி ஸ்டெல்லா கதவைச் சாத்திக்கொண்டு துப்பினார். கடைசியில் அவளும்.

குப்பியில் எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. விதி அப்படி.

மறுபடி சோதித்தாள். மறுபடியும் உயரம்.

பேராசிரியர் எல்லோரையும் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்.

"நம்மில் ஒருத்தருக்கு அளவு கூடியிருக்கு. இதை வச்சுப் புற்றுநோய்னு சொல்லிட முடியாது. சொல்ல முடியுமாங்கிறதைத்தான் ஆராய்ச்சியே பண்றோம். யாரும் பயப்பட வேண்டாம்."

யாரும் பயப்படவில்லை.

செல்லக்கண்ணு சட்டைப் பையிலிருந்த பாக்குப் பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியே போட்டார். மேரி ஸ்டெல்லா நாக்கை நீட்டி செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். பேராசிரியர் கழுத்தைத் தடவிக்கொண்டே அறைக்குப் போனார். மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. குழம்பு காரம் என்றார்கள்.

மறுநாள் காலை அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பல் மருத்துவப் பிரிவுக்குப் போனாள்.

பெஞ்சில் செல்லக்கண்ணு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மேரி ஸ்டெல்லா. எல்லோருக்கும் முன்னால் பேராசிரியர்.

"சும்மா, கூட்டம் எப்படி இருக்குன்னு பார்க்க வந்தேன்," என்றார். கையில் டோக்கன்.

நகர்ந்து இடம் கொடுத்தார்.

டாக்டர் தமயந்தி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். புண் இல்லை. வெள்ளைத் திட்டு இல்லை. கட்டி இல்லை.

பேராசிரியரின் வாயில் மட்டும் வெளிச்சம் வெகுநேரம் நின்றது.

"கடைவாய்ப் பல் முழுக்கச் சொத்தை சார். ஈறெல்லாம் சீழ். இதை வச்சுக்கிட்டு எப்படிச் சாப்பிடறீங்க?"

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற ஒண்ணும் இல்லை. பல்லைப் பிடுங்கிட்டா சரியாயிடும்."

பேராசிரியர் வெளியே வந்து சொன்னார். மேரி ஸ்டெல்லா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். செல்லக்கண்ணு எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். கேன்டீன் வாசலில் நின்று, கல்யாண வீடு மாதிரி சத்தமாகப் பேசிச் சிரித்தார்கள்.

பேராசிரியர் ஒரு வாய் குடித்தார். சூடு பல்லில் பட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம்தான் சிரிப்பை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

அவள் டீயைத் தொடவே இல்லை.

சொத்தைப் பல்லுக்கே கூடிவிடுகிற புரதம். மூன்று வருடம்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"பல்லைப் பிடுங்கினப்புறம் இன்னொரு தரம் துப்பித் தரேம்மா."