திறப்பு விழா அடைத்த இடம்

பிலிப்பைன்ஸின் செபு நகரில், எங்கள் மருத்துவமனையின் சர்வர் அறையில் ஏசி உறுமுகிறது. ஆனாலும் இயக்குநர் மாகலோனாவின் பரோங் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. மாடியில் கணினிகள் ஒவ்வொன்றாக வைரஸில் பூட்டிக்கொள்கின்றன. அதைத் தடுக்கும் அப்டேட்டை இந்த சர்வர்தான் இறக்கி எல்லாக் கணினிகளுக்கும் அனுப்ப வேண்டும்; இறக்க டிஸ்க்கில் இடமில்லை. பழைய அப்டேட்டுகளை எல்லாம் கணினிப் பிரிவு ரோவீனா அழித்துவிட்டாள். டிஸ்க் பட்டை இன்னும் சிவப்பாகவே நிற்கிறது. மிச்சமிருப்பது இந்த அறையின் திறப்பு விழா வீடியோ. அவள் விரல் டிலீட் பொத்தானின் மேல் நிற்கிறது. திரையின் தலையில் ஒட்டிய குழந்தை இயேசு அந்த விரலையே பார்க்கிறார். “ஃபாதர் தீர்த்தம் தெளிச்சது அதுலதான் இருக்கும்மா. அழிச்சா குத்தம் வந்து சேரும்” என்கிறார் இயக்குநர். “தீர்த்தம் ஒரு நிமிஷந்தான் சார். மிச்சம் மூணு மணி நேரமும் உங்க பேச்சு.” தொலைபேசி அலறுகிறது. எடுத்துக் கேட்டவளின் முகம் வெளுக்கிறது. “சார், ஐசியூ பக்கத்து வார்டும் போச்சாம்.” இயக்குநர் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடித் தலையசைக்கிறார். அவள் அழுத்துகிறாள். சிவப்புப் பட்டை மளமளவென்று சுருங்கிப் பச்சையாகிறது; அப்டேட் இறங்கி, முதலில் ஐசியூ கணினிகளுக்குப் போகத் தொடங்குகிறது. ரோவீனா இப்போதுதான் மூச்சு விடுகிறாள். இயக்குநர் ஒற்றைக் கண்ணைத் திறந்து திரையை அளக்கிறார். “என் பேச்சு இவ்வளவு இடமா புடிச்சிருந்துச்சு?” என்கிறார், நெஞ்சு நிமிர.