அவரு

மைனர் இரண்டு நாளாக ஒண்ணுக்குப் போகவில்லை என்று மனைவி வள்ளியாத்தாள் சொன்னதும், தம்பிதுரை ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டார்.

மைனர் அவருடைய கடுவன் பூனை. மகள் வர்ஷினிக்குக் காய்ச்சல் என்றால்கூட நாளைக்குப் பார்க்கலாம் என்கிற மனுஷன், பூனைக்கு என்றதும் பதறிப்போனார்.

சூலூரிலிருந்து சிங்காநல்லூர் போவதற்குள் ஸ்கூட்டரை இரண்டு இடத்தில் நிறுத்தினார். டயரில் காற்று பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வேலியோரம் வெகுநேரம் நின்றார். வள்ளியாத்தாள் பூனைக்கூடையை மடியில் வைத்தபடி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால்நடை டாக்டர் விமலாராணி மரியாதை தெரிந்தவர். நாயோ பூனையோ, அவருக்கு எல்லாருமே ‘அவரு’தான்.

"அவருக்கு எத்தனை நாளாங்க இப்படி?"

"மூணு மாசமாச்சுங்க," என்றாள் வள்ளியாத்தாள். "ராத்திரிக்கு அஞ்சு வாட்டி எந்திரிச்சுப் போறாரு. சொட்டுச் சொட்டாத்தான் வருதாட்ட இருக்குது."

இரண்டு நாள் எப்படி மூன்று மாதமானது என்று தம்பிதுரைக்குப் புரியவில்லை.

"ஏனுங்க இத்தன நாள் உட்டீங்க? அடைச்சுப்போச்சுன்னா கிட்னியே போயிருமுங்க," என்றபடி டாக்டர் மைனரின் அடிவயிற்றை அமுக்கினார்.

தம்பிதுரையின் கை தன் அடிவயிற்றுக்குப் போனது.

மைனர் மேசைமேலேயே பெய்தது. நின்று நிதானமாக, மேசை நனைந்து தரைக்கு வழிகிற வரைக்கும் பெய்தது. தம்பிதுரைக்குப் பொறாமையாக இருந்தது.

"இவரு நல்லாத்தானுங்களே போறாரு," என்றார் டாக்டர்.

"இவனுக்கென்னங்க, ராசா மாதிரி போவான். சத்தம் எனக்குக் கேக்கக் கூடாதுன்னு பைப்பத் தொறந்து உட்டுட்டுப் போறவரச் சொன்னேனுங்க."

டாக்டர் அப்போதுதான் தம்பிதுரையை நிமிர்ந்து பார்த்தார்.

வள்ளியாத்தாள் பையிலிருந்து ஒரு டோக்கன் சீட்டை எடுத்து மேசையின் காய்ந்த ஓரத்தில் வைத்தாள். ரோட்டுக்கு எதிரே இருக்கிற ஆஸ்பத்திரி, பதினொன்றரை மணி. புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். சீட்டில் ‘வர்ஷினி அப்பா’ என்றுதான் எழுதியிருந்தது.

பூனையை டாக்டரிடமே விட்டுவிட்டு இருவரும் ரோட்டைக் கடக்க நின்றார்கள்.

"பயமா இருக்குது, அம்மணி," என்றார் தம்பிதுரை.

"எனக்கு மூணு மாசமா இருக்குதுங்க."