இருபத்திரண்டாம் நோன்பு

இரண்டாவது மணியிலேயே மகன் ஃபோனை எடுத்துவிட்டான். ஹபீஸாவுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரமாக ஹஸ்னைன் தானாகக் கூப்பிட்டால்தான் உண்டு. இவள் கூப்பிட்டால் எடுக்கவே மாட்டான். கிளாஸில் இருக்கிறேன், லைப்ரரியில் இருக்கிறேன் என்று ஒரு வரி மெசேஜ் வரும், அவ்வளவுதான்.

இன்றைக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. நியூ ஜெர்சியில், ஐசலின் ஊரில் இருந்த தன் வீட்டுச் சமையலறையில் பாங்கு ஒலித்து முடிந்ததும், நோன்பு திறந்து, பேரீச்சம்பழக் கொட்டையைத் துப்பிய கையோடு வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள்.

திரையில் பிள்ளையின் முகம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவனும் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"நோன்பு பிடிச்சியாடா ராஜா?"

"ஆமா உம்மா. ஜஸ்ட் இப்பத்தான் திறந்தேன். டேட்ஸும் தண்ணியும். அப்புறம் பேசறேன், சரியா?"

வைத்துவிட்டான். வைத்தால் என்ன? அல்ஹம்துலில்லாஹ்! அத்தனை தூரத்தில், தட்டிக் கேட்க ஆளில்லாத ஊரில், பிள்ளை நோன்பு பிடிக்கிறானே. ஹபீஸாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவன் ஆசைப்பட்டா கனடா போனான்? நாலு வயதில் இங்கே வந்தவன். மழலைப் பள்ளியிலிருந்து படித்ததெல்லாம் நியூ ஜெர்சியில்தான். இருபத்தொன்று நிறைந்த நாளோடு, வாப்பாவின் விசாவில் ஒட்டிக்கொண்டு இருக்கிற உரிமை போயிற்று. கிரீன் கார்டு வரிசையோ நகர்கிற வழியாக இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கு மூலையில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. அனுப்பிவைத்தார்கள்.

ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள். ஊருக்கு ஒரே ஒரு பெரிய ரோடு. வருஷத்தில் பாதி நாள் பனி. ஹலால் கறி வேண்டுமென்றால் எட்டு மணி நேரம் பஸ். தொழுவதற்கு லாண்டரி அறைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தார்கள். அதில் ஜமாஅத் என்றால் இவனும் ஒரு சோமாலியப் பையனும்தான்.

ஜனவரியில் ஒருநாள் ஓவென்று அழுதான். மூச்சு முட்டுது உம்மா, எப்படியாச்சும் வந்துடறேன் என்றான். முறையாக வருவதற்குக் கேட்ட விசாவை இரண்டு தடவை மறுத்துவிட்டார்கள். வேறு வழியில் எல்லை தாண்டி வந்து மாட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் கதவு சாத்தினது சாத்தினதுதான் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதை இவளும் அவனிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

ரமலான் பிறந்ததும் புலம்பல் நின்றுவிட்டது. நோன்பின் பரக்கத் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

ஃப்ரிட்ஜ் கதவில் பள்ளிவாசலில் கொடுத்த நோன்பு அட்டவணை. ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் அவன் ஊர் நேரத்தை, இங்கத்திய மணிக்கணக்கில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். ராத்திரி அவன் கூப்பிட்டு நோன்பு திறந்தேன் என்று சொன்ன பிறகுதான் டிக் போடுவாள். இன்று சீக்கிரமே போட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்தாள்.

இருபத்திரண்டாம் நோன்பு. இஃப்தார் ஆறு ஐம்பத்தொன்பது. பக்கத்தில் பென்சிலில் பத்து ஐந்து.

மைக்ரோவேவ் கடிகாரம் ஏழு நாலு காட்டியது.

பேனா அப்படியே நின்றது.

அங்கே இப்போது சாயங்காலம் நாலு மணி. நோன்பு திறக்க இன்னும் மூன்று மணி நேரம் கிடக்கிறது. ஒருவேளை டொரண்டோ பக்கம் போயிருப்பானோ? ஃபோனில் தேடிப் பார்த்தாள். டொரண்டோவிலும் இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

அவனுக்குத் தெரிந்த ஊர்களில் இந்த நிமிஷத்தில் பொழுது சாய்ந்தது இங்கேதான்.

டிக் போடாமல் பேனாவை மூடி வைத்தாள்.

ஹாஜா நஜ்முதீன் மஃரிப் தொழுதுவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தார். மனைவி தட்டுத்தடுமாறிச் சொன்னதைக் கேட்டு, மனுஷன் சிரித்தேவிட்டார்.

"அடி போடி! புள்ள நோன்ப விட்டுட்டான். நாலு மணிக்கு எதையோ தின்னுட்டு இருந்திருக்கான், நீ கரெக்டா பிடிச்சுட்ட. உன் வாய்க்குப் பயந்து பொய் சொல்லிட்டான். இதுக்குப் போய் முகத்த இப்படி வச்சிருக்கியே."

அப்படியும் இருக்கலாம். ஏன் இருக்கக்கூடாது? இந்த வயசுப் பிள்ளைகள் சொல்லாத பொய்யா?

சமோசாவைப் பிட்டுக்கொண்டே கேட்டார். "வீடியோலதானே பேசின? அங்க வெயிலா, இன்னும் பனியா?"

"வெயில்தாங்க. நல்ல வெயில்."

வாய் கூசாமல் சொன்னாள். உள்ளதைச் சொன்னால் அந்த மனுஷனுக்கு அந்தச் சமோசா தொண்டையில் இறங்குமா?

பேசும்போது ஹஸ்னைனின் தோளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. சொட்டுப் பனி இல்லை. வானம் சிவந்து கிடந்தது. இவள் சமையலறை ஜன்னலிலும் அதே சிவப்பு. இரண்டு ஜன்னலும் ஒன்றுபோல மங்கிக்கொண்டிருந்தன. பிள்ளை நோன்பு பிடித்த சந்தோஷத்தில் அப்போது அது அவளுக்கு உறைக்கவில்லை.

ஹபீஸா சுவர்ப்பக்கம் திரும்பிக் கையேந்தினாள். அவனுக்கு ஏழு வயதானதிலிருந்து, நோன்பு திறந்ததும் அவள் கேட்கும் முதல் துஆ ஒன்றுதான். என் பிள்ளை ஒரு நோன்பையும் விடக்கூடாது, ஒரு பொய்யும் சொல்லக்கூடாது.

"ரப்பே," என்றாள் வாய்க்குள். "அவன் இன்னைக்கு நோன்பு பிடிக்காம இருந்திருக்கணும். எங்கிட்ட பொய் சொல்லியிருக்கணும்."