ஒரு டம்ளர் பால்

சமையலறை ஜன்னலில் நுழைந்த காலை வெயில் சாப்பாட்டு மேஜையில் பாதிவரை வந்து நிற்கிறது. அந்த வெளிச்சத்தில் நாத்தனார் ஆவி பறக்கும் பால் டம்ளரை வைக்கிறாள், பக்கத்தில் மிளகைவிடக் கொஞ்சமே பெரிதான தைராய்டு மாத்திரை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் அவள். "வெறும் வயித்துல, தண்ணியோட மட்டும் போடுங்க. பாலு, காபியெல்லாம் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான். இல்லேன்னா மருந்து உடம்புல சரியா சேராது" என்று இதே மாத்திரை வாங்க வருகிற பத்துப் பேரிடமாவது தினமும் வாய் வலிக்கச் சொல்கிறவள். எதிரில் அவளுடைய தம்பி பெண்டாட்டி வீங்கிய விரல்களால் மாத்திரையைத் தடவி எடுக்கிறாள். மோதிரம் சதைக்குள் புதைந்திருக்கிறது. "மூணு நாளா வயிறு கல்லு மாதிரி இருக்குக்கா. டாக்டர் மறுபடியும் டோஸை ஏத்திட்டாரு." "வாயைக் கட்டினா எல்லாம் சரியாப் போகும்" என்கிறான் தம்பி. கல்யாணமான புதிதில் இவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தவன், இப்போது பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. "பாவம், அவளைத் திட்டாதடா" என்று நாத்தனார் டம்ளரை இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறாள். "வெறும் வயித்துல போட்டா புண்ணாயிடும்மா. பாலோடவே முழுங்கு." தம்பி பெண்டாட்டிக்குக் கண் நிறைகிறது. "இந்த வீட்ல என் வயித்தைப் பாக்குறது நீங்க ஒருத்தர்தான்க்கா." மாத்திரை நாக்கில் ஏறுகிறது, பால் மடக் மடக்கென்று தொண்டையில் இறங்குகிறது. மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு. ஒரு சொட்டும் மிச்சமில்லை என்று பார்த்த பிறகுதான் நாத்தனார் டம்ளரை எடுக்கிறாள்.